25 கோடிக்கு எத்தனை ஓவர்?

இந்த எபிசோடை ஐபிஎல் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே ரெக்கார்ட் பண்ணிடறேன். சீசன் ஆரம்பிச்ச பிறகு பேசினா, ஸ்கோர்கார்டை வெச்சுப் பேசின மாதிரி ஆயிடும். இன்னைக்குப் பேசப்போறது ஒரு சந்தேகத்தைப் பத்தி. அந்தச் சந்தேகத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷ வரலாறு இருக்கு.

2025 டிசம்பர் 16. அபுதாபியில ஐபிஎல் மினி ஏலம். கேமரூன் கிரீன் பேரு வந்ததும் ஏலம் சூடு பிடிச்சுது. பத்து கோடி தாண்டுச்சு, இருபது தாண்டுச்சு. 25 கோடியில சென்னை கையைக் கீழே போட்டுச்சு. 25 கோடியே 20 லட்சத்துக்குக் கொல்கத்தா தூக்கிட்டுப் போயிடுச்சு. ஐபிஎல் வரலாற்றுலயே வெளிநாட்டு வீரர் ஒருத்தருக்குக் கொடுத்த அதிகபட்ச விலை. அடுத்த நிமிஷமே விழுப்புரம் பசங்க வாட்ஸ்அப் குரூப் பத்திக்கிச்சு. பாதிப்பேரு “தப்பிச்சோம்டா”ன்னான், மீதிப்பேரு “விட்டுட்டாங்களே”ன்னு தலையில கை வெச்சான். திண்டிவனத்துல இருக்கிற என் மாமா பையன், வயசு பதினாலு, அவன் மட்டும் கொல்கத்தா ஆளு. வருண் சக்கரவர்த்தியால அந்தப் பக்கம் போனவன். அவன்கிட்ட இருந்து எனக்குத் தனியா ஒரு மெசேஜ்: “அண்ணா, ரசலுக்கு பதிலா ஆள் வந்தாச்சு.”

ஆண்ட்ரே ரசலுக்கு பதிலான்னா சும்மா இல்லை. 2014ல கொல்கத்தா அவரை வாங்கினது 60 லட்சத்துக்கு. 2019ல அந்த மனுஷன் ஒரே சீசன்ல 510 ரன், 11 விக்கெட். 2025 நவம்பர்ல அவர் ஐபிஎல்லை விட்டு விலகினதும் அந்த இடம் காலி.

இப்போ என் சந்தேகம். 2024 அக்டோபர்ல கிரீனுக்கு முதுகெலும்பு அறுவை சிகிச்சை. 2025 ஐபிஎல் முழுக்க ஆடலை. 2025 ஜூன்ல ஆஸ்திரேலிய அணிக்குத் திரும்பினப்போ வெறும் பேட்ஸ்மேனாத்தான் வந்தாரு. பந்து போட ஆரம்பிக்க அக்டோபர் ஆயிடுச்சு. அதைவிட வேடிக்கை, ஏலப் பட்டியல்ல அவர் பேரு பேட்ஸ்மேன் வரிசையில இருந்தது. மேனேஜர் தப்பான கட்டத்துல டிக் பண்ணிட்டாரு, நான் பந்து போடத் தயார்தான்னு அவரே விளக்கம் கொடுக்க வேண்டியதாப் போச்சு. இதுக்கு முன்னாடி மும்பைக்கும் பெங்களூருக்கும் ஆடின ரெண்டு சீசன்ல 29 மேட்ச், 707 ரன், 16 விக்கெட். ரன் நல்லாத்தான் இருக்கு. விக்கெட் கணக்கு ரெண்டு மேட்சுக்கு ஒண்ணுன்னு வருது. இதுக்கா 25 கோடி?

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். மினி ஏலத்துல வெளிநாட்டு வீரர் கைக்குப் போகக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கு. கிரீனுக்குக் கிடைக்கிறது 18 கோடிதான், மீதி பிசிசிஐயோட வீரர் நல நிதிக்குப் போகுது. ஆனா கொல்கத்தா பர்ஸ்ல இருந்து கழிஞ்சது 25.20 முழுசா. அணிக்கு அந்த ஆளோட விலை அதுதான்.

சரி, ஆல்ரவுண்டருக்கு ஏன் இந்த விலை? ‘ரெண்டு வேலை செய்யறாரு, ரெண்டு சம்பளம்’னு சொல்றது பாதி பதில்தான். ரெண்டு வேலைக்கு ரெண்டு பேரை எடுத்துக்கலாமே. எடுக்க முடியாத இடத்துலதான் ஆல்ரவுண்டருக்கு விலை ஏறுது. இதைப் புரிஞ்சுக்க இங்கிலாந்துல லங்காஷயர் லீகுக்குப் போகணும்.

பஞ்சாலை ஊர்கள் நடத்தின லீக் அது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிளப். ஆடுறவங்க எல்லாரும் உள்ளூர் ஆளுங்க, வாரம் முழுக்க வேலை, சனிக்கிழமை மேட்ச். ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு புரொஃபஷனல் வெச்சுக்கலாம். நம்ம பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆடினவங்களுக்கு இது உடனே புரியும். விழுப்புரம் டீமோ திண்டிவனம் டீமோ, ‘கெஸ்ட் பிளேயர் ஒருத்தர்தான்’னு கமிட்டி சொல்லிட்டா கேப்டன் யாரைத் தேடுவான்? பேட்டும் அடிக்கணும், கடைசி ஓவரும் போடணும். வெறும் பேட்ஸ்மேனைச் சென்னையில இருந்து பஸ் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்தா ஊர்ல திட்டுவாங்க.

அதே கணக்குலதான் நெல்சன்ங்கிற சின்ன ஊர் 1929ல டிரினிடாட்ல இருந்து லியரி கான்ஸ்டன்டைனைக் கூட்டிட்டு வந்தது. வேகமாப் பந்து போடுவாரு, அடிச்சு ஆடுவாரு, ஃபீல்டிங்ல பறப்பாரு. அவர் இருந்த ஒன்பது சீசன்ல நெல்சன் ஏழு தடவை சாம்பியன்.

இந்த லீகோட ஒப்பந்தம் ஒண்ணு இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட் மேட்சையே பறிச்சிருக்கு. இந்தக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

வினு மன்கட். நம்ம ஆளுங்களுக்கு இந்தப் பேரு அஸ்வின் – பட்லர் விவகாரத்தாலதான் தெரியும். பந்து போடறதுக்கு முன்னாடி கிரீஸை விட்டுப் போன பேட்ஸ்மேனை ரன் அவுட் பண்றதுக்கு அவர் பேரை வெச்சுட்டாங்க. ஆனா 1952 பிப்ரவரியில நம்ம சேப்பாக்கத்துல நடந்ததுக்குத்தான் அவரை ஞாபகம் வெச்சிருக்கணும். இந்தியா முதல் டெஸ்ட் ஆடினது 1932ல. இருபது வருஷமா ஒரு டெஸ்ட் கூட ஜெயிக்கலை. அந்த முதல் வெற்றி வந்தது சேப்பாக்கத்துல, இங்கிலாந்துக்கு எதிரா. மன்கட் முதல் இன்னிங்ஸ்ல 55 ரன் கொடுத்து 8 விக்கெட், ரெண்டாவதுல 53 கொடுத்து 4. மொத்தம் பன்னிரண்டு.

அதே வருஷம் கோடையில இந்திய அணி இங்கிலாந்து போகணும். மன்கட்டுக்கு லங்காஷயர் லீக்ல ஹாஸ்லிங்டன் கிளப்கிட்ட இருந்து அழைப்பு. அவர் போர்டுகிட்ட கேட்டது ஒண்ணுதான்: டூர்ல எனக்கு இடம் நிச்சயம்னு சொல்லுங்க, கிளப்புக்கு வரலைன்னு சொல்லிடறேன். போர்டு உறுதி கொடுக்கலை. நாட்டோட முதல் வெற்றியைக் கொடுத்த ஆளுக்கு! அவர் கிளப்புக்குப் போயிட்டாரு. வீட்டுல இருக்கிறவங்களுக்குச் சம்பளம் வேணும்ல.

ஜூன் மாசம் ஹெடிங்லி டெஸ்ட். ரெண்டாவது இன்னிங்ஸ்ல இந்தியா ரன் எதுவும் எடுக்காம நாலு விக்கெட். 0/4. டெஸ்ட் கிரிக்கெட்ல இதைவிட மோசமான தொடக்கம் கிடையாது. அந்தத் தோல்விக்கு அப்புறம் போர்டு ஹாஸ்லிங்டன்கிட்டப் போய், எங்க ஆளைக் கொஞ்சம் விடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தது.

அடுத்தது லார்ட்ஸ். மன்கட் முதல் இன்னிங்ஸ்ல 72. அப்புறம் 73 ஓவர் போட்டு 5 விக்கெட். அப்புறம் 184. அப்புறம் திரும்ப 24 ஓவர். கூட்டிப் பாருங்க: 256 ரன், 97 ஓவர், ஒரே மேட்ச்ல. இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்துல தோத்துடுச்சு. ரெண்டு ஆள் வேலையை ஒருத்தர் பார்க்கலாம், பதினோரு பேர் வேலையைப் பார்க்க முடியாதில்லையா.

1968ல இங்கிலாந்து கவுண்டிகளும் வெளிநாட்டு வீரரை உடனே சேர்த்துக்கலாம்னு விதியைத் தளர்த்தின. நாட்டிங்காம்ஷயர் யாரை எடுத்தது? கேரி சோபர்ஸை. பேட்டிங், வேகப்பந்து, ரெண்டு விதமான சுழல்னு எல்லாம் ஒரே ஆள்கிட்ட. பட்டியல்ல 15வது இடத்துல இருந்த அணி அந்த வருஷமே 4வது. ஸ்வான்ஸியில மால்கம் நாஷோட ஒரே ஓவர்ல ஆறு சிக்ஸர் அடிச்சதும் அந்த சீசன்லதான்.

இப்போ ஐபிஎல்லுக்கு வாங்க. பதினோரு பேர்ல வெளிநாட்டு வீரர் நாலு பேருக்கு மேல கூடாது. லங்காஷயர்ல ஒண்ணு, இங்க நாலு. நெருக்கடி அதேதான். நாலு சீட்டுல ஒரு சீட் ரெண்டு வேலை பார்த்தா ஒரு சீட் மிச்சம். கார்ப்பரேட்ல ஃபுல்-ஸ்டாக் டெவலப்பர் தேடற மாதிரிதான். ஹெட்கவுன்ட் ஒண்ணுதான் அப்ரூவ் ஆகியிருக்குன்னா, ஃப்ரன்ட்-எண்டும் பேக்-எண்டும் தெரிஞ்ச ஆளைத்தான் மேனேஜர் தேடுவாரு. அந்த ஆள் ஒரு வாரம் லீவு போட்டா ரெண்டு பக்கமும் படுத்துடும். நாங்க அதை சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்னு சொல்வோம்.

நம்ம சென்னைக்கே அந்த அனுபவம் இருக்கு. 2009 ஏலத்துல ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப், 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அப்போ கெவின் பீட்டர்சனோட சேர்ந்து அதுதான் உச்ச விலை. நான் அப்போ ஏழாவது படிச்சிட்டு இருந்தேன், நோட்டு அட்டையெல்லாம் அவர் படம்தான். தேர்தல் காரணமா அந்த ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுக்குப் போயிருந்தது. முதல் மேட்ச், மும்பைக்கு எதிரா. அபிஷேக் நாயர் அவரை வரிசையா மூணு சிக்ஸர் அடிச்சாரு. மொத்தம் மூணு மேட்ச், 62 ரன், 2 விக்கெட், முழங்கால் காயம், ஊருக்குக் கிளம்பிட்டாரு.

2023ல திரும்ப அதே கதை. பென் ஸ்டோக்ஸ், 16.25 கோடி. ரெண்டு மேட்ச், 15 ரன், ஒரே ஒரு ஓவர், அதுல 18 ரன். ஆனா இதே ஸ்டோக்ஸ் 2017ல புனே அணிக்கு 14.5 கோடிக்கு வந்தப்போ 316 ரன், 12 விக்கெட் எடுத்துத் தொடரோட மதிப்புமிக்க வீரர் விருது வாங்கினவரு. திறமை அப்படியேதான் இருந்தது. நடுவுல ஆறு வருஷம் பந்து போட்ட முழங்கால்தான் வேற.

பேஸ்பால் பார்க்கிறவங்களுக்கு இது பழகின கதை. ஷோஹெய் ஒட்டானி 2017 டிசம்பர்ல ஜப்பான்ல இருந்து ஏஞ்சல்ஸுக்கு வந்தப்போ, பந்தும் எறிவாரு, பேட்டும் பிடிப்பாருன்னு ஒரே ஆர்ப்பாட்டம். முதல் வருஷமே சிறந்த அறிமுக வீரர் விருது, அதே வருஷம் முழங்கையில அறுவை சிகிச்சை. ரெண்டும் நடந்தது. 2021ல 46 ஹோம் ரன் அடிச்சு, பிட்சரா 9 வெற்றி எடுத்து எம்விபி ஆனாரு. அவருக்கு முன்னாடி இந்த மாதிரி ஆள்னா பேப் ரூத். பாஸ்டன்ல பெரிய பிட்சரா இருந்தவரை 1919 டிசம்பர்ல நியூயார்க் யாங்கீஸ் வாங்கினதும் முதல்ல செஞ்சது என்ன தெரியுமா? பந்து எறியறதைக் கிட்டத்தட்ட நிறுத்திட்டாங்க. பேட்டை மட்டும் பிடின்னாங்க. அந்த முடிவு யாங்கீஸை எங்கேயோ கொண்டு போச்சு.

அதனால எதிரணி ஒரு ஆல்ரவுண்டரை வாங்கினா நான் பார்க்கிறது அவரோட பந்துவீச்சைத்தான். கடைசியா எப்போ நாலு ஓவர் முழுசாப் போட்டாரு? பேட்டிங் சுலபத்துல காணாமப் போகாது. முதுகும் முழங்காலும் போகும்.

இந்தக் கேள்விக்கு எதிர்பாராத பதில் வந்த ஒரு வருஷமும் உண்டு. ஹர்திக் பாண்ட்யா 2019ல முதுகு அறுவை சிகிச்சை முடிஞ்சு, 2020, 2021 ரெண்டு சீசன்லயும் மும்பைக்கு ஒரு பந்து கூடப் போடலை. மும்பை அவரைத் தக்க வைக்கலை. புதுசா வந்த குஜராத் 15 கோடி கொடுத்து கேப்டனாவே எடுத்தது. ஊரே சிரிச்சது, சிரிச்சதுல நியாயமும் இருந்தது. 2022 மே 29, இறுதிப் போட்டி, ராஜஸ்தானுக்கு எதிரா. ஹர்திக் 4 ஓவர், 17 ரன், 3 விக்கெட்: பட்லர், சாம்சன், ஹெட்மயர். பேட்டிங்ல 34. முதல் சீசன்லயே கோப்பை. அங்கேயும் பாருங்க, விலையை நியாயப்படுத்தினது அந்த நாலு ஓவர்.

இனிமேதான் விஷயம் சிக்கலாகுது. 2022 டிசம்பர்ல பிசிசிஐ இம்பாக்ட் பிளேயர் விதியை ஐபிஎல்லுக்குக் கொண்டு வந்தது. மேட்ச் நடுவுல ஒருத்தரை வெளியே எடுத்துட்டு இன்னொருத்தரை உள்ளே விடலாம். பேட்டிங் முடிஞ்சதும் பேட்ஸ்மேனை உட்கார வெச்சு பவுலரை இறக்கலாம். அதாவது பதினோரு பேர் இடத்துல பன்னிரண்டு. இந்த எபிசோட் முழுக்க நான் சொல்லிட்டு வந்த நெருக்கடி தளர்ந்துடுச்சு. வேடிக்கை என்னன்னா, அதே மாசம் 23ஆம் தேதி கொச்சி ஏலத்துல அதிக விலைக்குப் போன மூணு பேருமே ஆல்ரவுண்டர்கள்தான்: சாம் கரன் 18.5 கோடி பஞ்சாபுக்கு, கிரீன் 17.5 மும்பைக்கு, ஸ்டோக்ஸ் 16.25 நமக்கு. கரன் அந்த வருஷ டி20 உலகக் கோப்பையோட தொடர் நாயகன். 13 விக்கெட் எடுத்ததுக்குத்தான் அந்த விருது, பேட்டிங்குக்கு அவருக்கு அங்க பெருசா வாய்ப்பே வரலை. பஞ்சாப் ரெண்டுக்கும் சேர்த்து விலை கொடுத்தது. கிடைச்சது 276 ரன், 10 விக்கெட், ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல. ரெண்டு வருஷம் கழிச்சு நடந்த ஏலத்துல அதே கரன் நம்மகிட்டயே 2.4 கோடிக்கு வந்தாரு.

ஆனா ஒரு நுணுக்கம் இருக்கு. இம்பாக்ட் விதி வந்த பிறகும் வெளிநாட்டு வீரர் நாலு பேருங்கிற வரம்பு போகலை. நாலு பேர் ஏற்கனவே ஆடினா, இம்பாக்ட் பிளேயரா வர்றவர் இந்தியராத்தான் இருக்கணும். அதனால வெளிநாட்டு ஆல்ரவுண்டருக்கு நெருக்கடி அப்படியே இருக்கு, விலையும் இருக்கு. கிரீனோட 25 கோடிக்கு நான் ஒத்துக்கிற ஒரே காரணம் இதுதான். அடி விழுந்தது இந்திய ஆல்ரவுண்டர்களுக்கு.

நம்ம சிவம் துபே இருக்காரே, 2023ல 418 ரன், 35 சிக்ஸர். பந்துவீச்சுக்கு வேலையே இல்லாம பெரும்பாலும் இம்பாக்ட் பிளேயரா இருந்தாரு. ரோகித் சர்மாவே 2024ல ஒரு பாட்காஸ்ட்ல இந்த விதி எனக்குப் பிடிக்கலை, ஆல்ரவுண்டர்கள் வளர்ச்சியைத் தடுக்குதுன்னு சொன்னாரு. அவர் எடுத்துக்காட்டாச் சொன்ன ரெண்டு பேரு துபேயும் வாஷிங்டன் சுந்தரும்.

வாஷிங்டனைப் பத்திக் கொஞ்சம் பேசியே ஆகணும். சென்னைப் பையன். 2017ல பதினேழு வயசுல அஸ்வினுக்குக் காயம்னு புனே அணிக்கு மாற்றா வந்தவரு. 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல, நெட் பவுலரா அணியோட தங்கியிருந்தவருக்கு டெஸ்ட் வாய்ப்பு. முதல் இன்னிங்ஸ்லயே 3 விக்கெட், 62 ரன். 2022 ஏலத்துல ஹைதராபாத் அவரை 8.75 கோடிக்கு எடுத்தது. 2024 சீசன்ல ரெண்டே மேட்ச்ல இறக்கினாங்க. அடுத்த ஏலத்துல குஜராத், 3.2 கோடி.

அவர் ஆட்டம் கெட்டுப் போச்சா? அந்த ஏலத்துக்கு ஒரு மாசம் முன்னாடி, 2024 அக்டோபர்ல, புனே டெஸ்ட்ல நியூசிலாந்துக்கு எதிரா 11 விக்கெட் எடுத்தவரு அவரு. 2025 ஜூலையில மான்செஸ்டர்ல ஜடேஜாவோட நின்னு அவுட் ஆகாம 101 அடிச்சு டெஸ்ட்டைக் காப்பாத்தினாரு. டெஸ்ட்ல வசதிக்கு ஆள் மாத்துற வேலை கிடையாது. மன்கட் ஆடின அதே பதினோரு பேர்தான்.

மாமா பையன் விஷயத்துக்கு வர்றேன். அவன் இடது கை சுழல் போடுவான், மூணாவதா இறங்கி ஆடுவான். போன வருஷம் கோச் அவன்கிட்ட, ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோ, இனிமே டி20ல ரெண்டும் அரைகுறையா வேண்டாம்னு சொல்லிட்டாராம். தெருவுல ஆடறப்போ எங்களுக்கெல்லாம் விதியே பந்து போட்டவனுக்குத்தான் அடுத்த பேட்டிங். இவனுக்குப் பதினாலு வயசுலயே ஒரு பக்கத்தை மூடச் சொல்றாங்க. கோச் பேரில கோபம் வந்தாலும், அவர் டிவியில பார்க்கிறதைத்தான் சொல்றாருன்னு புரியுது. சையது முஷ்டாக் அலி டிராபியில 2024ல இந்த விதியை எடுத்துட்டாங்க, ஆனா ஐபிஎல்ல 2027 வரைக்கும் இருக்கும்னு பிசிசிஐ சொல்லியிருக்கு. அப்போ அவனுக்கு வயசு பதினாறு ஆயிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ இந்தக் கிரீன் கணக்கையெல்லாம் அவன்கிட்டச் சொன்னேன். 29 மேட்ச், 16 விக்கெட், முதுகு அறுவை சிகிச்சை, எல்லாம். கேட்டுட்டு, “அவர் நாலு ஓவர் போடலைன்னா கொல்கத்தா என்னண்ணா பண்ணும்?”னு கேட்டான். இம்பாக்ட் பிளேயரா ஒரு இந்திய பவுலரைக் கொண்டு வருவாங்கடான்னேன். “அப்போ அவர் போடறதுதான் நல்லது”ன்னுட்டு, வாசல்ல பந்தைச் சுவத்துல அடிச்சுப் பிடிச்சிட்டு இருந்தான்.

இதுல இன்னொரு கூத்து, போன நவம்பர்ல சாம்சனை வாங்க நாம ஜடேஜாவையும் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டோம். 2023 இறுதியில கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சுக் கோப்பை கொடுத்த ஆளு, இப்போ எதிரணியோட ஆல்ரவுண்டர், 14 கோடிக்கு. அவர் பந்துவீச்சு மேல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதுதான் பயமா இருக்கு.